செல்லும் சொல்

சொல்லையும் பொருளையும் போலப் பிரியாதிருக்கும் பார்வதி பரமேசுவரரை வணங்கித்தான் மகாகவி காளிதாசர் ரகுவம்சத்தை ஆரம்பித்தார். சொல் என்று ஒன்று இருக்குமானால் அதற்குப் பொருள் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இவ்விரு மகான்களின் வாக்கையும் வேதமாகக் கொண்டு அறுபது பிராயத்தையும் தாண்டிவிட்ட ஒரு மனிதன், ஏழே ஏழு எழுத்துகளை எதிரே வைத்துக்கொண்டு, மாடியிலே குடியிருக்கும் தன் தங்கையின் பேத்தியிடம், அதாவது பாவாடையின் கரையை இன்னமும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தியிடம், மாலைதோறும் தோற்றுக்கொண்டிருப்பதன் காரணகாரியங்களை லோகோபகாரமாக எழுதிவைப்பது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டின் பெயர் ஸ்க்ராபிள். 225 கட்டங்கள் போட்ட பலகை ஒன்று, எழுத்துப் பொறித்த வில்லைகள் 98, ஒன்றுமே பொறிக்காமல் எந்த எழுத்தாகவும் வேஷம் போடக்கூடிய வெற்று வில்லைகள் 2. பைக்குள் கையை விட்டு ஏழு வில்லைகளை எடுத்து, அவற்றுள் இயன்றவற்றைக் கொண்டு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பலகையில் முன்பே கிடக்கும் சொல்லோடு குறுக்காகக் கோக்க வேண்டும். ஏழையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுகிற பாக்கியவானுக்கு 50 புள்ளிகள் தட்சிணையாகக் கிடைக்கும்.

இதைச் சிருஷ்டித்த ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்பவர் அமெரிக்காவில் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து ஜீவனம் நடத்தியவர். 1930-களில் அந்தத் தேசத்தைப் பொருளாதாரச் சனியன் பிடித்து ஆட்டியபோது, கட்டடம் கட்டுவார் இல்லாமற்போக, உத்தியோகம் இழந்து வீட்டோடு உட்கார்ந்த அம்மனிதர், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற்பக்கத்தை எடுத்து, அதிலே ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணத் தொடங்கினார். வேலையில்லாதவர்கள் பத்திரிகையை ‘வேலை காலி’ விளம்பரங்களுக்காகப் படிப்பதுதான் எந்தத் தேசத்திலும் வழக்கம். எழுத்தை எண்ணுவதற்காகவே படித்து அதனாலேயே அமரத்துவம் பெற்றவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தக் கணக்கின் பிரகாரமே இன்றைக்கும் பையிலே ஈ பன்னிரண்டும், ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பதும், கியூவும் இஸட்டும் தலைக்கு ஒன்றுமாக இருக்கின்றன. அபூர்வத்துக்கே மதிப்பு அதிகம் என்ற உலக நியாயப்படி அவ்விரண்டுக்கும் பத்துப் பத்துப் புள்ளிகள். எஸ் என்னும் எழுத்தை மட்டும், எடுத்ததற்கெல்லாம் ஜனங்கள் பன்மை ஆக்கிவிடுவார்கள் என்று பயந்து, நான்கோடு நிறுத்திவிட்டார். அந்த முன்யோசனை எத்தனை நியாயமானது என்பதை நான் என் வீட்டுக் கூடத்திலேயே அனுபவித்து அறிந்திருக்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எவரும் அவசரப்பட்டு முடிவுகட்டிவிட வேண்டாம். ரென், மார்ட்டின் என்னும் இரட்டையரின் இலக்கணத்தை ஒப்பித்து வளர்ந்தவன் நான். உத்தியோக காலத்தில் நான் எழுதிய குறிப்புகளின் நீளத்தைக் குறித்து மேலதிகாரிகள் புகார் செய்ததுண்டே தவிர, பாஷையைக் குறித்துச் செய்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு முன்னே மூன்று ஐயும் இரண்டு யூவும் ஒரு வியும் ஒரு சியும் வந்து வரிசையாக நிற்குமானால், ஷேக்ஸ்பியரும் மில்டனும் மாறி மாறி ஆண்ட அந்த மகா சாம்ராஜ்யம் முழுவதும் கண்ணைவிட்டு மறைந்து, ‘இட்’ என்ற இரண்டெழுத்துக்குக்கூட ஒரு டீ அகப்படவில்லையே என்ற ஏக்கமொன்றே மிஞ்சுகிறது. காரணம் ஆராய்ந்தால் விளங்கும். நம்முடைய புத்தியாகிய பண்டாரத்தில் சொற்கள் அர்த்தவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவேயொழிய எழுத்துவாரியாக அல்ல. பசியைக் குறிக்கும் சொல்லைக் கேட்டால் அது ஓடோடி வரும். இன்ன இன்ன எழுத்துகள் அடங்கிய சொல்லைக் கேட்டால் உள்ளே ஒருவரும் இல்லை என்றே பதில் வரும்.

1975-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலே வானொலி வழியாக ஒரு விடுகதை பரவிற்று. ஜி, ஆர், ஒய் என்று முடிகிற ஆங்கிலச் சொற்கள் மூன்று உண்டு, கோபத்தைக் குறிக்கும் ‘ஆங்ரி’ ஒன்று, பசியைக் குறிக்கும் ‘ஹங்ரி’ மற்றொன்று, மூன்றாவது யாது? மூன்றாவதாக அப்போது வழக்கிலிருந்த சொல் கிடையவே கிடையாது என்பதுதான் இதிலுள்ள விசேஷம். ஆயினும் ஜனங்கள் நூலகத்தாரையும் அகராதிக்காரர்களையும் வருஷக்கணக்காக விடாமல் துளைத்தெடுத்தார்கள். கேட்டவர்களுக்கும் கேட்கப்பட்டவர்களுக்கும் கடைசியில் மிஞ்சியது முதல் இரண்டு சொற்கள்தாம் என்று நான் ஊகிக்கிறேன்.

அகராதி என்பது சொல்லின் தலையைப் பிடித்துத் தேடுகிறவனுக்கு மாத்திரம் துணைபுரிவது. வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை அது வாசலிலேயே நிறுத்திவிடும். ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி ஓர் அகராதி செய்து, இயைபுக்குத் திண்டாடும் கவிகளுக்கு அபயம் அளித்தார். நம்முடைய வீரமாமுனிவரோ அதற்கு முன்பே, 1732-இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியிலே, எதுகைக்கு ஒத்துவரும் சொற்களைத் திரட்டிவைத்து நம் புலவர்களை ரட்சித்தார். ஆனால் அவ்விரு புண்ணியாத்மாக்களும், எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுவிட்டு எதையாவது செய்துகொள் என்று கைவிடப்படும் என் போன்றவனை மனத்திற் கொள்ளவில்லை.

இவ்வித்தையிலே கைதேர்ந்தவர்கள் ஒருபோதும் எழுத்துகளைப் பார்த்துத் திகைப்பதில்லை. கண்ணின் உட்திரையைக் குறிக்கும் ‘ரெடினா’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளும் எப்படியாவது கையில் சேரும்படி அவர்கள் சொல்லுக்குச் சொல் திட்டமிடுகிறார்கள். ஏனெனில் ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் அந்த ஆறும் அதை அரவணைத்துக்கொள்ளும். சி வந்தால் நிச்சயத்தைச் சொல்லும் ‘செர்ட்டன்’. பி வந்தால் சித்திரக்காரனாகிய ‘பெயின்டர்’. எம் வந்தால் மசூதியின் ‘மினாரெட்’. ஜி வந்தாலோ இரட்டிப்பு யோகம்: கருங்கல்லாகிய ‘கிரானைட்’டும் ஆகும், நன்றிகெட்டவனாகிய ‘இன்கிரேட்’டும் ஆகும். செய்ந்நன்றி மறந்தவன் கல்லுக்குச் சமானம் என்று நம் பாட்டிமார்கள் அனுபவத்திலே கண்டு சொன்னதை, ஆங்கிலேயர்கள் எழுத்தெண்ணி நிரூபித்துவிட்டார்கள்.

மாடி வீட்டுப் பெண்ணின் மார்க்கம் வேறு. அவள் இரண்டெழுத்துச் சொற்களை, நாங்கள் அந்தக் காலத்தில் பெருக்கல் வாய்பாட்டை உருப்போட்டதைப் போலவே உருப்போட்டிருக்கிறாள். ‘ஏ, ஏ’ என்று இரண்டு ஏயை வைப்பாள். அது ஹவாய்த் தீவில் எரிமலை கக்கிய கரடுமுரடான பாறைக் குழம்பாம். ‘ஏ, ஐ’ என்று வைப்பாள். அது மூன்று விரல்களோடு மரத்திலே தொங்கும் ஒரு சோம்பேறி மிருகமாம். ‘எக்ஸ், யூ’ வியட்நாமியச் சில்லறை. ‘கியூ, ஐ’ சீனருடைய பிராணசக்தி. இந்த விளக்கங்களெல்லாம் அவள் சொன்னவை அல்ல. அவள் வில்லையை வைத்துவிட்டுப் புள்ளியைக் கூட்டிக்கொண்டிருக்கையில், மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நான் பார்த்து அறிந்தவை. ஒருநாள் அவள் ‘ஜே, ஓ’ என்று வைத்ததைப் பார்த்து, அதற்குப் பொருள் என்னவென்று தேடப்போய், ஸ்காட்லாந்தில் பிரியநாயகியை அழைக்கும் சொல் என்று கண்டதும் அகராதியைச் சத்தமின்றி மூடிவைத்தேன்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று தொடக்கத்தில் நான் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

“அர்த்தமெல்லாம் கேக்கக்கூடாது தாத்தா. செல்லுமா செல்லாதா, அது மட்டும்தான் கேக்கணும்” என்றாள்.

செல்லாத சொல்லை வைப்பதும் இங்கே பாவமில்லை என்பதை அறிந்தபோது நான் அடைந்த கலக்கம் கொஞ்சநஞ்சமன்று. எதிராளி ஆட்சேபித்து அகராதியைப் புரட்டினால்தான் அது கள்ளச்சொல்; அவன் வாயைத் திறக்காத வரையில் நல்ல சொல்லே. கோர்ட்டு, கச்சேரிகளிலே இத்தகைய தர்மம் நிலவுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிறுவர்கள் விளையாட்டிலும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவள் சொன்னதே சாஸ்திரம் என்பதற்கு நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற மகாவீரர் சாட்சி. பிரெஞ்சு பாஷையிலே பேசத் தெரியாத இவர், சில வார காலம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனனம் செய்துவிட்டு, 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் பந்தயத்தில், தாய்ப்பாலோடு அந்தப் பாஷையைக் குடித்தவர்களையெல்லாம் வென்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அத்தோடும் விடாமல், 2024-இல் ஸ்பானிஷ் பாஷையிலும் அவ்விதமே செய்தார். பாஷை தெரிந்தவன் பொருளின் பின்னே ஓடிக் காலத்தை விரயம் செய்கிறான். தெரியாதவனுக்கு அந்தத் தளை இல்லை. பற்றற்றான் பெறும் பேறு இதுதான் போலும்.

நம்மவர்களும் எழுத்தை வைத்துச் சிலம்பம் ஆடாதவர்கள் அல்லர். சம்பந்தர் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். காளமேகம் ககர வர்க்கத்தைத் தவிர வேறெழுத்துக் கலவாமல் வெண்பாச் செய்தார். சிவப்பிரகாச சுவாமிகள் உதடு ஒட்டாமல் ஓர் அந்தாதியே பாடிவிட்டார். ஆனால் அவர்கள் எழுத்தை எவ்வளவு கசக்கினாலும், பின்னால் ஓர் உரையாசிரியர் வந்து பதம் பிரித்துப் பொருள் கூறுவதற்கு இடம்வைத்தே கசக்கினார்கள். ‘இது செல்லும், மேலே போங்கள்’ என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனவே பொருள் அறியாத சொல்லைக் கையாலும் தொடுவதில்லை என்று நான் ஒரு விரதம் பூண்டிருக்கிறேன். விரதங்களுக்கு உரிய பலன் இம்மையிலே கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரத்தில் ஒரு மாலை என் விரதம் பலிக்கும்போல் இருந்தது. ஏ, என், ஐ, சி, யூ, டி என்னும் ஆறு எழுத்துகளும் தாமாகவே வந்து கூடி, ‘அனிகட்’ என்று நின்றன. நான் வெகு கம்பீரமாக அவற்றைப் பலகையின் ஓரத்தை ஒட்டி அடுக்கினேன். “இது செல்லாது தாத்தா” என்றாள். ஆட்சேபம் அகராதி வரையில் போயிற்று. செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கிடைத்த புள்ளிகள் அற்பமே என்றாலும், கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடுவதாக இல்லை. இது நம்முடைய அணைக்கட்டு என்ற சொல்லே என்பதையும், அதை வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதையும், கரிகாலனுடைய கல்லணையையே அவன் ‘கிராண்ட் அனிகட்’ என்று எழுதியதையும், அந்தக் கல்லணையிலே பாடம் கற்று ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு மேலணை கட்டியதையும், ஆற்று மணலில் பாறாங்கல் தானே புதைந்து புதைந்து அஸ்திவாரமாக நிலைக்கும் அற்புதத்தையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தவளாய், நான் காவிரியைக் கடலில் கொண்டு சேர்க்கும் வரையில் மரியாதையாகக் காத்திருந்தாள்.

“இதுக்கு எஸ் சேருமா தாத்தா?” என்றாள் பிறகு.

சேரும் என்றேன், பொய் சொல்ல நா எழவில்லை. என் சொல்லுக்கு அடுத்தாற்போல், ஓரத்திலே, மும்மடங்கு தரும் சிவப்புக் கட்டம் காலியாகக் கிடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். நான்கே நான்கு எஸ்ஸில் ஒன்றை அவள் அங்கே நட்டு, அதிலிருந்து கீழ்முகமாக ஏதோ ஒரு சொல்லை இறக்கி, அதையும் மூன்றால் பெருக்கி, கரிகாலனையும் காட்டனையும் சேர்த்து மூன்றால் பெருக்கி, மொத்தத்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டாள். இறக்கிய சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.