பூ, இவ்வளவுதானா?

ஜாடியில் பூ வைத்து ஓவியம் வரைவது என்ன பெரிய கலை? 'பூ, இவ்வளவுதானா' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது!

வசந்தத்தில் பூக்கும் டூலிப்பும் இலையுதிர்காலத்துத் திராட்சையும் ஒரே நாளில் உங்கள் மேஜைக்கு வருமா? டச்சு ஓவியர் யான் ஃபான் ஹைசம் வரவழைத்தார். ஒவ்வொரு பூவும் அதனதன் பருவத்தில் மலரும்வரை காத்திருந்து வரைந்தவர் அவர். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று 1742-ல் கடிதமே எழுதினார்! லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய படம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பூங்கொத்து நிஜத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அந்தப் படங்கள் சொல்வது மகிழ்ச்சியா, சோகமா?

மேலே பார்த்தால் மகிழ்ச்சி. ஜாடியின் அடியில் பாருங்கள். உதிர்ந்த இதழ், பூச்சி அரித்த இலை, ஒரு ஈ. எல்லாம் வாடும் என்பதை அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் பூவைக் காட்டியே சொன்னார்கள். ஆனால் அதில் விரக்தி இல்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற டச்சு ஓவியர் ராகேல் ரோய்ஷ், எண்பது வயதைத் தாண்டியும் பூ வரைந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் வயதையும் எழுதி வைத்தார்.