வேப்பேரி வித்தியார்த்தி

கலியாண வீட்டில், பந்திக்குக் காத்திருக்கும் உறவினர் கூட்டத்தின் நடுவே, "தம்பி என்ன படிக்கிறது?" என்று யாரேனும் வினவுகையில், "டாக்டருக்கு" என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிட்டு, அடுத்த வினா எழுவதற்குள் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற இளைஞர் ஒருவரை வாசகர்கள் கண்டிருப்பார்களானால், அவர் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு வாசிக்கிறார் என்று தயக்கமின்றி நிச்சயித்துக்கொள்ளலாம். அவர் சொன்னதில் அசத்தியம் ஒரு துளியும் இல்லை. சத்தியத்தைப் பாதி வழியில் நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியத்தில் மட்டும் அவர் வக்கீல்களுக்கு இளைத்தவரல்லர். ஆயினும் தாய்மாமன் என்றொரு பிரகிருதி எல்லாக் குடும்பங்களிலும் உண்டல்லவா? அவர் தண்ணீர்ப் பானை வரையில் பின்தொடர்ந்து வந்து, "மனுஷ டாக்டரா, மாட்டு டாக்டரா மாப்ளே?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டுத்தான் பந்தியில் அமருவார்.

இந்த வெட்கத்திற்குக் காரணம், மனித மருத்துவக் கல்லூரிக்கு அரை மதிப்பெண் குறைந்துபோனதுதான். அந்த அரை மதிப்பெண்ணை அவருடைய தாயார் ஒரு மரணத்தைப் போலப் பாவித்து, வருவோர் போவோரிடமெல்லாம் துக்கம் சொல்லிக்கொண்டிருந்தபடியால், இரண்டு கால் பிராணிக்கு வைத்தியம் செய்வதைவிட நான்கு கால் பிராணிக்கு வைத்தியம் செய்வது பாதி மரியாதைதான் என்றொரு கணிதம் பையனின் மனத்தில் படிந்துவிட்டது. தாம் சேர்ந்திருக்கும் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணாக்கர்களோடு தொடங்கப் பெற்றது என்பதும், 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தத் துறைக்குப் பட்டம் வழங்கும் பெருமையைத் தேசத்திலேயே முதன்முதலாக அடைந்தது என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. மூன்றாம் ஆண்டில் தெரியவரும். தெரிந்த பிறகு அதைப் பிறருக்குத் தெரிவிக்காமல் ஒரு நாளும் உறங்கமாட்டார்.

முதலாண்டுப் படிப்பு எலும்புகளால் ஆனது. செப்டிமஸ் சிஸன் என்ற பண்டிதர் எழுதிய கனத்த உடற்கூற்று நூலை மார்போடு அணைத்துக்கொண்டும், மாட்டின் தோள்பட்டை எலும்பொன்றைத் துணிப்பையில் சுமந்துகொண்டும் அவர் விடுமுறைக்கு ஊர் வந்து இறங்குகிற காட்சி கம்பீரமானது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எலும்போடு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று தாயார் வாசலிலேயே தடுத்துவிடுவதால், வித்தை மாட்டுத் தொழுவத்தில் தங்க நேரிடுகிறது. இதில் ஒரு விசேஷம்: சிஸன் பண்டிதர் குதிரையைத்தான் முதன்மையாக வைத்து எழுதினார். ஆகவே நம் மாணவர் தம் ஊரில் ஐயனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறொரு குதிரையையும் கண்டறியாதவராயினும், அதற்குப் பித்தப்பை கிடையாது, அது வாந்தியெடுக்காது என்பன போன்ற ரகசியங்களையெல்லாம் அறிந்தவராகி, அவற்றைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவிப்பார்.

கடைசியில் தாத்தாவைப் பிடித்துக்கொள்வார். "மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே இல்லை, தெரியுமா தாத்தா?" என்று புதையலைத் திறந்து காட்டுகிற பாவனையில் ஆரம்பிப்பார். அந்தத் தாத்தாவோ, மாட்டுத் தாவணிகளில் வாயைப் பிளந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று நொடியில் சொல்லி, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடித்து முதுமையடைந்தவர். "அப்படியா சாமி? பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க" என்று அவர் வெற்றிலையை மடித்துக்கொள்வார். பேரனுக்கு அந்த வாக்கியத்தின் உட்பொருள் விளங்க இன்னும் மூன்று ஆண்டுகள் செல்லும்.

வெட்கப் பருவம் கழிந்ததும் வருவது அகங்காரப் பருவம். சுற்றத்தாருக்கு இதுவே பேராபத்தானது. நோய்க்குறியியலும் நுண்ணுயிரியலும் கற்கத் தொடங்கிய மாணவரோடு ஓர் இலையில் பிரியாணி உண்பவர்கள் புண்ணியம் குறைந்தவர்கள். எல்லோரும் ருசி பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, அது ஆட்டின் எந்தத் தசை, எந்த நரம்பு அதற்குள் செல்கிறது, ஈரலில் தட்டைப்புழு இருந்தால் எப்படித் தென்படும் என்று விவரிப்பார். காய்ச்சாத பாலைக் குடித்தால் கன்றுவீச்சு நோயும் காசநோயும் மனிதருக்குத் தொற்றும் என்பது மெய்தான். ஆனால் அதை, பாட்டி கறந்த பாலை வாயருகே கொண்டுபோகும் தருணத்தில்தான் சொல்ல வேண்டுமா? மனித மருத்துவம் வாசிப்பவர்கள் தாம் படிக்கிற நோயெல்லாம் தமக்கே வந்துவிட்டதாக எண்ணி அஞ்சுவது உலக வழக்கு. நம்மவர் அதையும் கடந்து, பந்தாடிய மறுநாள் தொடையில் வலி கண்டபோது, சப்பை நோயாக இருக்குமோ என்று இரவெல்லாம் சஞ்சலப்பட்டு, அது ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான கொழுத்த கன்றுகளையே பெரும்பாலும் தாக்கும் என்பதைப் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் ஆறுதலடைந்தார்.

இதே பருவத்தில் எண்களின் மீதும் ஒரு மோகம் பிறக்கிறது. பன்றி மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாளில் ஈனும்; ஆடு ஏறக்குறைய 150 நாள்; எருமை 310; யானையோ 22 மாதம் சுமக்கும். இவற்றை அவர் பாராயணம் செய்துகொண்டிருந்த ஒரு நாளில், பிரசவத்திற்குப் பிறந்தகம் வந்திருந்த தமக்கையார், தமக்கு நாள் நெருங்கிவிட்டதா என்று யாரையோ கேட்க, "பசுவுக்கும் உனக்கும் கணக்கு ஒன்றுதான் அக்கா, சுமார் 280 நாள்" என்று இவர் சாஸ்திர சுத்தமாகப் பதிலளித்தார். கணக்கு சரியானதே. ஆயினும் அன்றிரவு அவருக்கு யாரும் சோறு போடவில்லை.

மனித மருத்துவம் படிக்கும் பழைய சிநேகிதன் எதிர்ப்பட்டால் போதும், நம்மவர் வாதத்திற்குத் துணிந்துவிடுவார். மானிட ஜாதி இதுவரை உலகத்திலிருந்து அடியோடு ஒழித்த வியாதிகள் இரண்டே. ஒன்று 1980-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை, மற்றொன்று 2011-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய். "ஆளுக்கு ஒன்று, சரிக்குச் சரி" என்பார். இந்த வாதத்திற்குச் சிநேகிதன் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறான். தேடட்டும், எனக்கும் இதில் நம்மவர் கட்சிதான்.

அகங்காரத்திற்கு மருந்து, சிகிச்சைக் கூடத்தில் கட்டியிருக்கும் பசுவிடம் இருக்கிறது. சினை பார்ப்பது எப்படி என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கற்று, தோள் வரை உறையணிந்து, பசுவின் பின்புறமாகக் கையைச் செலுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கருப்பையைத் தேடுகிற அந்த முதல் நாளில், பசு தன் குடலை இறுக்க, கை மரத்துப்போக, "என்ன தென்படுகிறது?" என்று பேராசிரியர் கேட்க, "சூடாக இருக்கிறது சார்" என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இல்லை. மூலையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்த பராமரிப்பு உதவியாளர், நிமிர்ந்து பார்க்காமலே, "நாலு மாசம் இருக்கும் தம்பி" என்றார். பேராசிரியர் கைவிட்டுப் பார்த்தார், நாலு மாதந்தான். குதிரை பின்னோக்கி உதைக்கும், மாடு பக்கவாட்டில் வளைத்து உதைக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் பெற்ற அதே மாணவர், மாட்டின் பக்கவாட்டில் போய் நின்று வாங்கிக்கொண்டதும் அந்த வாரத்தில்தான். மாட்டுக்கு மதிப்பெண் பட்டியல் வாசிக்கத் தெரியாது.

பேசாத நோயாளியைவிடப் பேசுகிற உடைமையாளரே கடினமான பாடம் என்பதை அவர் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கற்றார். வயிறு உப்பி, அசைபோடாமல், தலை தொங்கி நின்ற பசுவை ஓட்டிவந்த அம்மையார், என்ன தீனி வைத்தீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "எப்பவும் போடுறதுதாங்க, வைக்கோலும் புண்ணாக்கும்" என்றே சாதித்தார். கூட வந்த சிறுவன்தான், "ஒரு பானை பொங்கலையும் லட்சுமிதான் சாமி தின்னுச்சு" என்று மெய்யை வெளியிட்டான். மாவுப் பண்டம் மிதமிஞ்சி முதல் வயிற்றில் சேர்ந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் இரத்தத்தில் ஏறினால் மாடு சாயும். சோடா உப்புக் கரைசலும் ஊசியுமாக மாலைக்குள் பசு தேறியது. "அன்பா வச்சேன் சாமி, அதுக்குப் பண்டிகையாச்சேன்னு" என்று அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, முதலாண்டாயிருந்தால் விரிவுரை நிகழ்த்தியிருப்பார். இப்போது, "அடுத்த வருஷம் ஒரு உருண்டை மட்டும் வையுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். என் அபிப்பிராயத்தில் அவர் பட்டம் பெற்றது அன்றுதான். பிற்பாடு மேடையில் கொடுத்தது காகிதம்.

பெண்களும் இப்போது இக்கல்லூரியில் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு வெட்கப் பருவம் கிடையாது, "பொம்பளைப் பிள்ளைக்கு மாடு பிடிக்கிற படிப்பா?" என்ற வீட்டு வழக்கை வென்று வந்தவர்களாதலால், வேப்பேரியில் நுழையும்போதே பக்குவப்பட்டுவிடுகிறார்கள்.

கடைசி ஆண்டில் நம்மவரை நகரப் பேருந்தில் காணலாம். முதலாண்டில் தொழுவத்து வாடை போக மூன்று சோப்புத் தேய்த்து வாசனைத் தைலம் பூசிக்கொண்டவர், இப்போது உள்ளது உள்ளபடியே ஏறுகிறார். பக்கத்து ஆசனம் தானே காலியாகிவிடுகிறது. அதில் பையை வைத்துக்கொண்டு சுகமாக உறங்குகிறார். இரவெல்லாம், தலை திரும்பிக் கிடந்த கன்றை உள்ளே தள்ளி, நேராக்கி, கயிறிட்டு இழுத்து, மூச்சுவிடாத அதன் நாசியில் வைக்கோல் நுனியால் கிளறித் தும்மவைத்த களைப்பு அது. விடியற்காலையில் வீட்டுக்காரர் கேட்டது "கிடாரியா, காளையா?" என்பதுதான், டாக்டர் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இத்தகையவர் ஒருவர் விரைவில் கால்நடை உதவி மருத்துவராக உங்கள் ஊர்ப் பக்கம் வரக்கூடும். அவரை நள்ளிரவில் அழைக்கிறவர்கள், மாட்டை முன்கூட்டியே கட்டிவைத்து, ஒரு வாளி வெந்நீரும், சோப்பும், வாலைப் பிடித்துக்கொள்ள வலுவான ஆள் ஒருவரும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். காப்பியை அவர் கை கழுவிய பிறகு கொடுத்தால் போதும்.