மூடியடிப் பாலிதீன்: எரிபொருள் கேனியலுக்கு ஒரு பாயிரம்

புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், பவர் டில்லர், கல்யாண மண்டபத்தின் பின்புறம் உறுமும் ஜெனரேட்டர் ஆகிய நான்கும் தத்தம் வயிற்றுக்கு வேண்டிய எரிபொருளைத் தாமே பங்க்குக்குப் போய் வாங்கிக்கொள்ள இயலாதவை என்பது அறிஞர் அனைவரும் ஒப்ப முடிந்த முடிபு. டில்லருக்கு இயலும் என்பாரும் உளர். அவர்கள் டில்லரில் ஏறியே பங்க்குக்குப் போனவர்கள் ஆதலின் அவர்தம் சான்று ஒருபாற் கோடியது. ஆக, பங்க்குக்கும் மிஷினுக்கும் இடையே ஒரு கலன் தேவைப்படுகிறது. அக்கலனைப் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று சொல்லித் தொடங்குவது மரபு. நிகழ்ந்ததா என்று தேடிப் பார்ப்பது மரபன்று.

முறையியல் குறித்து ஒரு சொல். ஆய்வுக் கட்டுரையில் பயனுள்ள செய்தி இடம்பெறுவது தகுதிக் குறைவு என்பதை என் வழிகாட்டிப் பேராசிரியர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார். ஆகவே அத்தகைய செய்தி ஏதேனும் கைதவறி உள்ளே வந்துவிட்டால் அது அடைப்புக்குறிக்குள் சிறைவைக்கப்படும். அவசரக்காரர்கள் அடைப்புக்குறிகளை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். அவர்களுக்குப் பட்டம் கிடைக்காது, அவ்வளவுதான். கள ஆய்வைப் பொறுத்தவரை, பேராசிரியர் வீட்டு ஜெனரேட்டருக்கு நான் பெட்ரோல் வாங்கிவந்த நாள்கள் அனைத்தும் வருகைப் பதிவேட்டில் கள ஆய்வாகவே ஏறியிருக்கின்றன.

எரிபொருட்கலன் ஐவகைப்படும். என்னை? பாட்டில், எண்ணெய் கேன், இரும்புக் கேன், ஜாடி, பிற என ஐந்தாதலின். நான்கே இருந்ததை ஐந்தாக்கவே ‘பிற’ சேர்க்கப்பட்டது. ஐந்துக்குக் குறைந்த வகைமையைக் கருத்தரங்குகள் ஏற்பதில்லை.

தண்ணீர் பாட்டில். கூடாது.

(ஏன் எனின், நல்ல வெயிலில் தோப்புக்குள் நுழைகிறவன் நிழலில் கிடக்கும் பாட்டிலைத் திறந்ததும் மோந்து பார்ப்பதில்லை, வாயில் கவிழ்த்துக்கொள்கிறான். குளிர்பான பாட்டிலுக்கும் இதுவே விதி. குடித்துவிட்டவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.)

எண்ணெய் கேன் என்பது ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் தீர்ந்தபின் எஞ்சும் ஆன்மா. கழுவிக் காயவைத்தாலும் அதில் முதல் ஊற்றில் வாங்கிய பெட்ரோலுக்கு லேசாக அப்பள வாசம் உண்டு என்பது வாய்மொழி வழக்கு. காண்க: டீக்கடை, காலை ஆறு மணி, பெஞ்சின் இடது ஓரம். இக்கேனின் நிறம் எதைக் குறிக்கிறது என்று நீண்ட விவாதம் உண்டு. அமெரிக்காவில் சிவப்பு பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு, நீலம் மண்ணெண்ணெய்க்கு. நம்மிடம் நிறம் குறிப்பது, அந்த வீட்டில் போன மாதம் கடலை எண்ணெய் வாங்கினார்களா, பாமாயில் வாங்கினார்களா என்பதை மட்டுமே. (கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது ஹெச்.டி.பி.இ. அதன் சுவர் வழியேகூட பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகும். எரிபொருளுக்கென்றே செய்த கேன்களில் இதைத் தடுக்க உட்புறத்தைப் பதப்படுத்தியோ, வேறொரு அடுக்கைச் சேர்த்தோ இருப்பார்கள். சமையல் எண்ணெய் கேனில் அது இல்லை. வெயிலில் கிடந்த வெள்ளைக் கேன் நொறுங்கத் தொடங்கும். விரலால் அழுத்தி நொறுங்குகிறதா என்று பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.)

இரும்புக் கேன் வரலாறுடையது, ஆகவே அறிஞர்க்கு உவப்பானது. 1937 அளவில் ஜெர்மானியப் படைக்கென உருவான 20 லிட்டர் கேனே இன்று ஜெர்ரி கேன் என்று வழங்குவது. இரண்டு அரைகளை அச்சில் அழுத்தி ஒன்றாகப் பற்றவைத்தது, பக்கத்தில் பெருக்கல் குறிபோல் பள்ளக்கோடு, நெம்புகோல் மூடி, மேலே மூன்று கைப்பிடி. நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம், ஓரப்பிடிகளில் இருவர் பங்கிட்டுத் தூக்கலாம், காலிக் கேனாக இருந்தால் ஒரே கையில் இரண்டைக் கொண்டுபோகலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் அனுப்பினார்கள். அவை வழியெல்லாம் ஒழுகின. ஒழுகித் தீர்ந்த டின்னை அறுத்து, மணலைப் போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, அதன்மேல் டீ போட்டார்கள். கலனின் தோல்வியை அடுப்பின் வெற்றியாக மாற்றிய இந்த மனநிலையை ஆராய்ந்தால் ஒரு தனி ஆய்வேடு தேறும். தலைப்பை நான் பதிவு செய்துவிட்டேன். யாரும் தொட வேண்டாம்.

ஜாடியில்தான் சுவை இருக்கிறது. பெட்ரோலியம் சட்டம், 1934, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் எதில்? இறுக மூடிய கண்ணாடி, சுட்ட கல்மண் பாண்டம், உலோகம் ஆகிய மூன்றில். முன்னிரண்டும் ஒரு லிட்டருக்கு மேற்படாதது. உலோகமாயின் 25 லிட்டருக்கு மேற்படாதது. அஃதாவது பாட்டி மாவடு போட்டுவைத்த சின்ன ஜாடியில் பெட்ரோல் ஊற்றி வைப்பவன் சட்டத்துக்குள் நிற்கிறான். ஊரெல்லாம் தூக்கித் திரியும் பிளாஸ்டிக் கேனின் பேச்சே அப்பட்டியலில் இல்லை. பாலிதீன் 1933-இல் இங்கிலாந்து ஆய்வகம் ஒன்றில் தற்செயலாகக் கையில் சிக்கியது, சட்டம் 1934. இடையில் ஓர் ஆண்டு இருந்தும் செய்தி டெல்லிக்கு எட்டவில்லை. முதுமக்கள் தாழிகள் அனைத்தும் உண்மையில் எரிபொருட்கலன்களே, சட்டம் பண்டைத் தமிழரிடம் கற்றதே இது என்று நிறுவும் கட்டுரை இன்னும் வரவில்லை. வந்துவிடும், கருத்தரங்கு அறிவிப்பு வெளியாகிவிட்டது.

‘இறுக மூடிய’ என்ற நிபந்தனையை மீண்டும் நோக்குக. இவ்வாய்வின் உயிர்நிலை அங்கே இருக்கிறது. எந்தக் கேனும் வாங்கிய மூன்றாம் மாதம் மூடியருகே ஒழுகும். ஒழுகும்போது தமிழர் அனைவரும், சாதி, மதம், மாவட்டம் பாராது, ஒன்றே செய்கிறார்கள்: ஒரு பாலிதீன் துண்டைக் கிழித்து வாயில் பரப்பி, அதன்மேல் மூடியைத் திருகுகிறார்கள். இதனை ‘மூடியடிப் பாலிதீன்’ என்று முதன்முதலாகப் பெயரிட்டு வழங்குபவன் நான். இனி மேற்கோள் காட்டுவோர் என் பெயரைச் சொல்லியே காட்டவேண்டும்.

மூடியடிப் பாலிதீனில் இரு கலைகள் உண்டு. வடகரையார் ஒரு மடிப்பே போதும் என்பர். இரண்டாம் மடிப்பு மூடியின் மரையை மேலேற விடாது என்பது அவர் வாதம். தென்கரையார் ஒரு மடிப்பு ஒழுகும், இரு மடிப்பே முழுமை என்பர். இருவருக்கும் ஒழுகுகிறது. ஆயினும் வடகரையார் கேனைத் தென்கரையார் தொடுவதில்லை. எந்தக் கவர் என்பதில் மேலும் பிணக்கு. நகைக்கடைக் கவர் தடிமன், மடங்காது. மெடிக்கல் கவர் மெல்லிது, திருகும்போதே கிழியும். பால் கவரே தலையாயது என்பது பெரும்பான்மைத் துணிபு. காண்க: பால்காரர் மைத்துனர், சைக்கிளில் இருந்து இறங்காமலே சொன்னது. ஜவுளிக்கடைக் கவரே சிறந்தது என மறுப்பதற்குக் காண்க: மேற்படியாரின் சம்பந்தி, தீபாவளிக்கு முந்தைய வாரம், இடைவெளி விட்டு இருமுறை, முதன்முறை சொன்னதே பாடம், இரண்டாவது இடைச்செருகல்.

பழைய துண்டை எடுக்காமல் அதன்மேலேயே புதியதை வைக்கும் வழக்கம் நமக்கு ஒரு பெருங்கொடை. ஒரு டில்லர்க்காரரின் கேனில் மூடியடி அகழாய்வு நடத்தியதில் நான்கு அடுக்குகள் வெளிப்பட்டன. மிகக் கீழடுக்கில், இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஒரு பாத்திரக்கடையின் பெயரும், ஐந்திலக்கத் தொலைபேசி எண்ணும். அதன்மேல் அரைக் கல்யாண வாழ்த்து. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை ஆதலால், அதற்குப் பிந்தைய அடுக்கு இருக்கவே முடியாது என்பது சட்டவியலார் முடிபு. இரண்டு அடுக்குகள் இருந்தன. அறிஞர் சிலர் அடுக்குகளைத் திருத்தி வாசிக்குமாறு எனக்கு அறிவுரை வழங்கினர். கொள்கைக்குச் சான்று பொருந்தாவிடில் சான்றைத் தேய்த்துக் கழுவுவதே நெறி என்றனர். மஞ்சப்பைத் துண்டை வைத்துப் பார்த்த சீர்திருத்தவாதி ஒருவரும் உண்டு. துணி பெட்ரோலை உறிஞ்சி வெளியே ஓரம் நீட்டி நின்றது. அதற்குத் திரி என்று பெயர். (பெட்ரோலில் கவர் பாலிதீன் ஊறி, உப்பி, சுருங்கும்; நீங்கள் திருகிய இறுக்கம் சில நாளில் போய்விடும். வாங்கும்போதே மூடியைத் திறந்து உள்ளே ரப்பர் வாசர் இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரைல் ரப்பராயின் பெட்ரோலுக்குத் தாங்கும். தேய்ந்தால் வாசரை மட்டும் மாற்றினால் போதும்.)

ஒரே வாய் உள்ள கேனைக் கவிழ்த்தால் பெட்ரோல் வெளியேறவும் காற்று உள்ளே போகவும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். அதுவே ‘குடக் குடக்’ எனும் ஒலியின் காரணம். ஒவ்வொரு குடக்குக்கும் ஒரு வாய் பெட்ரோல் சூடான சைலன்ஸர்மேல். இதற்குத் தமிழ் மரபு கண்ட தீர்வு, கேனின் தோளில் ஆணியால் ஓர் ஓட்டை. ஆவி வெளியேறக் கூடாதென்று அமெரிக்கா 2009 முதல் தானே மூடிக்கொள்ளும் மூக்குகளைச் சட்டமாக்கியது. கேனைத் தூக்க ஒரு கை, மூக்கை அழுத்த ஒரு கை, மிஷினைப் பிடிக்க ஒரு கை என மூன்று கைகள் அங்கே தேவைப்படுகின்றன. நம் ஆணி ஓட்டைக்கு ஒரு கையும் மனத்துணிவும் போதும். (பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது, தரையோடு ஊர்ந்துபோய் எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடும், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். ஆகவே ஓட்டை வேண்டாம். தனிக் காற்றுமூடி உள்ள கேன் கிடைக்கிறது. கழுத்துவரை நிரப்பவும் வேண்டாம்: 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லி பெருகும். பங்க்கில் கேனை வண்டிமேல் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி நிரப்புங்கள். நிலைமின்சாரம் தரைக்குப் போகும் வழி அது.)

கேனின் மேல் எழுதுவது குறித்து இலக்கணிகள் மௌனம் சாதிக்கின்றனர். புல் வெட்டும் மிஷின் டூ-ஸ்ட்ரோக் ஆயின் பெட்ரோலோடு டூடி ஆயில் கலந்தே ஊற்றவேண்டும். வெறும் பெட்ரோல் கேனும் கலப்புக் கேனும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நிறத்தில், ஒரே பாமாயில் முத்திரையோடு இருக்கும். தவறிய கேனை எடுத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, “அண்ணே, ஆயில் கலந்துதான் ஊத்துனீங்களா?” என்பார். அவ்வினா வினாவன்று, தீர்ப்பு. (லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது மிஷின் புத்தகத்தில் இருக்கும். கேன்மேல் பெயின்ட்டால் எழுதுங்கள். மார்க்கர் எழுத்தை பெட்ரோலே அழித்துவிடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம்.)

‘பிற’ எனும் ஐந்தாம் வகை குறித்து: இல்லை.

புனல் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு; நிதி வந்தால் தொடங்கும். (கையில் புனல் இல்லாதவர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து, மேற்பாதியைத் தலைகீழாகப் பிடித்து ஊற்றலாம். இத்துறையில் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த ஒரு வேலைதான்.)