எழுபதின்மரும் ஒரு குறிப்பாணையும்

கடமை தவறுவதை ஆங்கிலச் சட்டநூல்கள் நுட்பமாகத் தரம் பிரிக்கின்றன. செய்யவேண்டியதைச் செய்யாமை நான்ஃபீசன்ஸ், செய்யத்தக்கதையே முறைகேடாகச் செய்தல் மிஸ்ஃபீசன்ஸ், செய்யவே கூடாததைச் செய்தல் மால்ஃபீசன்ஸ் எனப்படும். உரிய கவனமின்மை நெக்லிஜென்ஸ் ஆகும். கடமை இன்னதென்று தெரிந்தே அதைக் கைகழுவுவது டெரிலிக்ஷன் ஆகும். இவ்வேறுபாடுகளைப் பயில்வோர்க்குத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் கதையைவிட நல்ல பாடம் அமைவது அரிது.

சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகம் சுட்டும் பழங்கதை அது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டுப் பேயான நீலி, வணிகனாகப் பிறந்துவந்த அவனைப் பழையனூரில் மடக்கி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கைவிட்ட கணவன் இவனே என்று ஊர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுதாள். நீலிக்கண்ணீர் என்னும் வழக்கு அங்கே பிறந்தது. குழந்தை வணிகனை ஒட்டிக்கொண்டதையே தக்க சான்றாகக் கொண்ட அவையினர், அவனுடைய வாளையும் வாங்கிவைத்து, அவனுக்கு ஊறு நேர்ந்தால் தம் எழுபது உயிரும் ஈடு என்று வாக்களித்து, அன்றிரவு அவளுடன் தங்கச் செய்தனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான்.

விசாரணை நடந்ததால் இது நான்ஃபீசன்ஸ் அன்று. வழக்கைத் தீர்ப்பது அவைக்குக் கூடாத செயல் அன்றாகையால் மால்ஃபீசன்ஸும் அன்று. கள்ளியைக் குழந்தையென நம்பியது நெக்லிஜென்ஸ் எனலாமெனினும், பேயின் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் நடைமுறை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வழக்கைத் தீர்க்க உரிமையுடைய அவை வாளைப் பறித்த அவசரம் மட்டுமே மிஸ்ஃபீசன்ஸாக எஞ்சுகிறது.

இன்றைய அலுவலகங்களிலும் இச்சொல் வேறுபாட்டுக்கு எடை உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ) என்று இரு வழிகள் உண்டாகையால், குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் எச்சொல் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே ஊதிய உயர்வு நிற்பதும் வேலையே போவதும் அமையும். எழுபதின்மர் இக்காலத்தவராயின், வாள் எந்தப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டது, வாக்கு எழுத்துமூலம் தரப்பட்டதா என்று விளக்கங்கள் பறந்திருக்கும். இறுதியில் பழி தலையாரியின் தலையில் விடிந்திருக்கும்.

டெரிலிக்ஷன் மட்டும் அவர்கள்மீது ஒட்டாது. எழுபதின்மரும் சொன்னபடியே தீயில் இறங்கினர் என்பது கதை, அன்று தாம் விடுப்பில் இருந்ததாக எழுதித்தர ஒருவரும் முன்வரவில்லை. இன்றைய அலுவலர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிய தாளை ஆறு மாதம் கழித்து ஒருவர் நீட்டும்போது, கையெழுத்து தம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்டாலே போதுமானது.