அவசரப்பட்டுப் பால் ஊற்றாதீர்கள்

கேள்வி: என் பழைய லேப்டாப், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: அதற்குள் பால் ஊற்றக் கிளம்பாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் லேப்டாப்தான். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்; 3.0 என்றால் 900. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில்தான் மோட்டாருக்குப் பசி அதிகம். போதாக்குறைக்குக் கேபிளும் நைந்திருந்தால், விளக்கு எரியும், ‘டிக் டிக்’ என்று முனகும், திரையில் மட்டும் டிரைவ் வராது. ‘அதே போர்ட்டில் பென் டிரைவ் ஓடுகிறதே?’ என்பீர்கள். அதில் மோட்டாரே கிடையாது. இரண்டு இட்லிக்காரரை வைத்துப் பயில்வானின் பசியை அளக்கலாமா? தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி.

அப்படியும் வராமல், வேறொரு புது லேப்டாப்பில் மட்டும் வந்தால், சிக்கல் பெரும்பாலும் மின்சாரத்தில் இல்லை, மொழியில். 2 டிபியைத் தாண்டிய பல டிஸ்க்குகள் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டவை. உங்கள் பழைய லேப்டாப்பில் ஓடுவது 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி என்றால், அதற்கு அந்த முறை புரியாது. ‘ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?’ ஆகலாம். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தினாலும் பூச்சி ஒழியும். உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களும் கூடவே போகும். முதலில் புது லேப்டாப்பில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். அங்கேயும், வேறு கேபிளிலும் அதே ‘டிக் டிக்’ என்றால், பால் வாங்கி வரலாம்.