ரயிலடியார்

வருஷம் தவறாமல் ஊட்டிக்குப் போவார். தாவரவியல் பூங்கா எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார். ஊட்டி ஏரியில் படகு விடுகிறார்கள் என்பதே அவருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். கல்யாணமான புதிதில் மனைவியை மலைக்குக் கூட்டிப்போனவர், குன்னூர் லோகோ ஷெட் வாசலில் மத்தியானம் முழுக்க நிறுத்தி வைத்தார். பட்டுப் புடவையில் படிந்த கரித்தூள்தான் அந்த அம்மாளுக்குத் தேனிலவின் ஒரே ஞாபகார்த்தம். அதைத் துவைக்கப் போட்டபோதும், "இது எந்த இன்ஜினோட கரி தெரியுமா?" என்று பின்னாலேயே வந்து நின்றாராம்.

இவர்தான் ரயிலடியார். ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். பாங்க்கில் ரிட்டையர் ஆனவராக இருக்கலாம், பல் டாக்டராக இருக்கலாம், சாஃப்ட்வேர் கம்பெனியில் ராக்கூத்தடிக்கும் பையனாகவும் இருக்கலாம். பேச்சு தங்க விலையில் தொடங்கினாலும் தேர்தலில் தொடங்கினாலும் ஊட்டி மலை ரயில் புறப்படுகிற மேட்டுப்பாளையத்தில்தான் போய் நிற்கும். எங்கள் நெருங்கிய சொந்தத்திலேயே ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார் என்பதால் சொல்லவில்லை. கூப்பிடாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

ரயிலடியார் முன்னால் நீங்கள் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. டாய் ட்ரெயின்.

"லீவுல டாய் ட்ரெயின்ல போனோம் அங்கிள், சூப்பரா இருந்தது" என்று ஒரு பெண் வெகுளியாகச் சொன்னாள். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "டாய் ட்ரெயினா? சாவி குடுத்தா ஓடுறதாம்மா அது? ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை. பன்னிரண்டு அடி போனா ஓரடி ஏறுது. பொம்மை ஏறுமா?" அவள் பயந்துபோய், "நேரோ கேஜ் ரயில்" என்று திருத்திக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. நீலகிரி ரயில் நேரோ கேஜ் இல்லை, மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர். டார்ஜிலிங்கும் மாத்தேரானும் 610. கல்கா–சிம்லா 762. நேரோ கேஜ் என்றால் அவைதான். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இத்தனைக்கும், உலகக் கணக்கில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த பாதை எல்லாமே குறும்பாதைதான். அது அவருக்கும் தெரியும். வெளிநாட்டு ரயில் பிரியர் யாராவது அகப்பட்டால் மட்டும், "நாமெல்லாம் ஒரே சாதி" என்று சொல்லிக் கைகுலுக்குவார்.

டார்ஜிலிங் விஷயத்தில் அவருக்கு ஒரு தீராத பங்காளிக் காய்ச்சல். யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டம் டார்ஜிலிங் ரயிலுக்கு 1999இல் கிடைத்தது. நீலகிரிக்கு வந்தது 2005இல். இடைப்பட்ட காலம் முழுக்க அவர் வீட்டில் டார்ஜிலிங் டீ நுழையவில்லை. சிம்லாவுக்கு 2008இல்தான் கொடுத்தார்கள் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம். "டார்ஜிலிங்காரன் வளைஞ்சு வளைஞ்சு, முன்னால கொஞ்சம் பின்னால கொஞ்சம்னு போக்குக் காட்டி ஏறுவான். நம்மாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா ஏறுவான்" என்பார். இது அவருடைய நகைச்சுவை. சிரிக்காவிட்டால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அந்த விளக்கத்தை நான் ஒரு கல்யாணப் பந்தியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்ஜினுக்குப் பல் எதற்கு என்று பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். ரயிலடியார் இலையைக் கொஞ்சம் ஒதுக்கினார். பின்னால் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பெண்மணியிடம் ஒரு சீப்பு வாங்கினார். தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பந்தி மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி வரும்படி லேசாக நகர்த்தினார். "ஆப்ட் முறை. ரோமன் ஆப்ட்னு சுவிட்சர்லாந்துக்காரர். தண்டவாளத்துக்கு நடுவுல இப்படி ரெண்டு பல் பட்டை. ஒரு பல் விடுறப்ப பக்கத்துப் பல் பிடிச்சிருக்கும். பிடி இல்லாத நேரமே கிடையாது." பிறகு இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி, சீப்புகளின்மேல் உருட்டிக் காட்டினார். அது நிஜமாகவே ஏறியது. எதிர் வரிசையில் இருந்த ஒரு மாமி சாப்பாட்டை முடிக்காமலேயே எழுந்துவிட்டார். சீப்பைக் கொடுத்த பெண்மணி அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

சிலிண்டர் கணக்கு பாயசம் வரும்போது வந்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் கிளாஸ் இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். கீழே உள்ள இரண்டு, ஓடும் சக்கரங்களுக்கு. மேலே உள்ள இரண்டு, பல்சக்கரங்களுக்கு. சமதரையில் கீழ் இரண்டு மட்டும் வேலை செய்தால் போதும். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும், கீழே உழைத்து வெளியே வருகிற நீராவியை அப்படியே மேலே அனுப்பி இன்னொரு தரம் வேலை வாங்குகிறார்கள். "ஒரே ஆவி, ரெண்டு சம்பளம்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். உள்ளபடி சொன்னால், எனக்கு அந்த இன்ஜின்மீது மரியாதை பிறந்தது அந்த இடத்தில்தான். பாயசம் ஆறிப்போனதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவரோடு பயணம் போவது வேறு மாதிரியான அனுபவம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படுகிற வண்டியில் எல்லாருக்கும் முன்பெட்டி வேண்டும். மலை ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே முன்னால் மறைப்பே இல்லாமல் மலையும் பள்ளத்தாக்கும் விரியும். முதல் வகுப்பும் அங்கேதான். ரயிலடியார் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அங்க உக்காந்தா என்ன கேக்கும்? குருவி சத்தம்தான் கேக்கும்." அவருக்குக் கடைசிப் பெட்டி, இன்ஜினை ஒட்டிய சீட்டு. வெள்ளைச் சட்டையில்தான் வருவார். குன்னூரில் இறங்கும்போது அது சாம்பல் நிறமாகியிருக்கவேண்டும். ஆகாவிட்டால் பயணம் சரியில்லை என்று அர்த்தம். வீட்டில் மனைவி சாம்பிராணி போட்டால் இருமித் தீர்ப்பவரும் இவரேதான்.

பாதையில் 16 குகைகள். ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் "ஓ" என்று கத்தும். ஊட்டி ரயிலில் அதுதானே பாதி சுகம்? அவர் மட்டும் இரண்டு கையையும் தூக்கி, "உஷ்! உஷ்!" என்பார். குகைக்குள் புகைபோக்கிச் சத்தம் எதிரொலிப்பதைக் கேட்கவேண்டுமாம். வெளியே அருவி கொட்டினாலும் யானை நின்றாலும் அவர் பார்ப்பது பாலத்தின் அடியை. 250 பாலங்கள், 208 வளைவுகள். பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை ஒவ்வொரு முறையும் இடிப்பார்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். ஜனங்கள் டீக்கும் வடைக்கும் ஓடுவார்கள். குரங்குகள் ஜனங்களிடம் ஓடிவரும். ரயிலடியார் இன்ஜினிடம் ஓடுவார். கையில் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மனைவி கொடுத்த வடைப் பொட்டலம் போன தடவை ஒரு கிழக்குரங்கிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வண்டிக்குத் திரும்பியபின், "வடை எங்கங்க?" என்ற கேள்விக்கு, "பத்து நிமிஷத்துல தண்ணி ரொம்பிருச்சு" என்று பதில் சொன்னார்.

பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பெட்டியின் முன்மேடையில் நிற்கும் இவர்களுடைய கொடியும் கையும்தான் கண். அவர்களோடு ரயிலடியார் தோளில் கைபோடாத குறையாகப் பழகுவார். நான் கூட இருந்தபோது ஒருவரிடம் உருகிவிட்டார்.

"அண்ணே, நீங்க குடுத்து வெச்சவரு. தினமும் இதுல போறீங்க."

அவர் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "மழைல நனைஞ்சுகிட்டு நின்னு பாருங்க சார். ரிட்டையர் ஆனதும் ஊட்டிக்குப் பஸ்லதான் போவேன்."

ரயிலடியாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். டிக்கெட் ஊட்டி வரைக்கும் இருக்கும். அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். "நீங்க போங்க. நான் ஷெட்டைப் பார்த்துட்டு பஸ்ல வர்றேன்." மனைவியும் பிள்ளைகளும் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிம்மதியாகப் போவார்கள். அவர்களுக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த பகுதி அதுதான் என்று பெரிய பெண் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

ரயிலடியார்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். வடகலை, தென்கலை மாதிரி உள்ளே கரிக்கலை, எண்ணெய்க்கலை என்று இரண்டு இருக்கின்றன. பழைய சுவிஸ் இன்ஜின்கள் நிலக்கரியில் ஓடியவை. பிறகு சிலவற்றை எண்ணெய்க்கு மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இந்த நூற்றாண்டில் புது இன்ஜின்கள் கட்டினார்கள். கரிக்கலைக்காரர், "எண்ணெய் ஊத்தி எரிக்கிறது அடுப்பு, இன்ஜின் இல்ல" என்பார். எண்ணெய்க்கலைக்காரர், "மலைக்காட்டுல தீப்பொறி விழுந்தா நீ வந்து அணைப்பியா?" என்று கேட்பார். பொன்மலையில் செய்ததைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா என்பது தனி வழக்கு. பொன்மலைத் தொழிலாளி சுவிஸ்காரனுக்கு இளைத்தவன் இல்லை என்பது என் கட்சி. இதைச் சொன்னதற்காக இரண்டு கலையுமே என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சினிமாவும் இவர்களிடம் தப்பவில்லை. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் தமிழ்நாடே கண்ணீர் விட்டது. ரயிலடியார் கேத்தி ஸ்டேஷனின் பிளாட்பாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1998இல் வந்த மணிரத்னத்தின் 'தில் சே' படத்தில், வண்டியின் கூரைமேல் ஷாருக் கானும் மலைக்கா அரோராவும் ஆடுகிற பாட்டை அவர் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் யார் என்று கேட்டால் தெரியாது. "பாட்டுச் சத்தத்துல இன்ஜின் சத்தத்தை அமுக்கிட்டான்" என்று ஏ.ஆர்.ரஹ்மான்மீது அவருக்கு வருத்தம்.

கிண்டல் பண்ணலாம்தான். ஆனால் மீட்டர் கேஜ் என்ற உலகமே நம் கண்ணெதிரே கரைந்துபோனதை நாம் யாரும் கவனிக்கவில்லை. எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய வண்டிகளெல்லாம் ஒருகாலத்தில் அந்த அகலத்தில்தான் ஓடின. 1992இல் எல்லாப் பாதையையும் ஒரே அகலத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தபிறகு ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். வண்டி வேகமாக வந்தது, நமக்கும் சந்தோஷம். 2010இல் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது வழியனுப்பப் போனவர் ரயிலடியார். சொந்தப் பெரியப்பா காரியத்துக்குப் போய்ச் சாயங்காலமே திரும்பிய மனிதர், அதற்கு மூன்று நாள் லீவு போட்டார். தமிழ்நாட்டில் இன்று மிச்சமிருக்கும் ஒரே மீட்டர் கேஜ் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் இந்த 46 கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து, "மலை ரயில் ரத்து" என்று பேப்பரில் போட்டால், நாம் அடுத்த பக்கம் திருப்புவோம். அவர் வீட்டில் அன்று டிவி போடமாட்டார்கள்.

அவர் இன்னொன்றும் சொல்வார்: இந்தப் பாதைக்கு யோசனை பிறந்தது 1854இல்; குன்னூருக்கு வண்டி போனது 1899இல்; ஊட்டிக்குப் போனது 1908இல். நம் ஊர் மேம்பால வேலை இழுத்தடிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து மனசு ஆறிவிடுகிறது. அந்த வகையில் அவரால் எனக்கு லாபம்தான்.

நீங்கள் போவதானால் டிக்கெட்டை வெகு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், சீசனில் கிடைக்காது. குடும்பத்தோடு என்றால் முன்பெட்டி. கடைசிப் பெட்டி கிடைத்து, பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் இருந்தால், ஜன்னலை அவருக்கு விட்டுக்கொடுங்கள், டாய் ட்ரெயின் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் தப்பிக்க வழியில்லை. பல் தண்டவாளத்தில் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான் போகும். நீங்கள் இறங்கி ஓடினாலும், அவரும் கூடவே ஓடிவந்து சொல்லி முடிப்பார்.