பஞ்சு மூட்டை தாங்குமா?

பழைய போன், பூட்டு, தர்பூசணி என்று கையில் கிடைத்ததை மேசைமேல் வைத்துச் சுட்டு, தாங்குகிறதா என்று காட்டும் வீடியோக்களை ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். கொச்சிக் காயலில் 1504-லேயே இந்தக் கூத்து அரங்கேறிவிட்டது. என்ன, அங்கே பொருளுக்குப் பின்னால் ஆளும் உட்கார்ந்திருந்தான்.

போர்த்துக்கீசியரை மிளகு வியாபாரத்தில் சேர்த்துக்கொண்ட கொச்சி ராஜாமேல் கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு எரிச்சல். மார்ச் மாதம் பெரும்படையோடு வந்து இறங்கினார். கடவை மறித்து நின்ற போர்த்துக்கீசியத் தளபதி துவார்த்தே பச்செக்கோவிடம் இருந்த வெள்ளைக்காரர்கள் நூற்றைம்பது பேர் சொச்சம்.

சாமூதிரிக்கு யோசனை சொல்ல இரண்டு மிலான்காரர்கள்: ஜோவன் மரியா, பியெத்ரோ அந்தோனியோ. போர்த்துக்கீசியக் கப்பலில் ஓசிப் பயணம் வந்து, கோழிக்கோட்டில் கட்சி மாறி, பீரங்கி வார்க்க உட்கார்ந்தவர்கள். நம் எம்.எல்.ஏ.க்கள் பாடம் படிக்கலாம். "படகுக்குப் பக்கவாட்டில் பஞ்சு மூட்டையைக் கட்டு" என்றார்கள். யோசனை மோசமில்லை. வெறும் பலகையில் குண்டு பட்டால் சிராய் பறந்து ஆளைக் கிழிக்கும். இறுகத் திணித்த பஞ்சு குண்டின் வேகத்தைக் குடித்துவிடும். அப்படி மெத்தை கட்டிய இருபது படகுகளைச் சங்கிலியால் பிணைத்து முன்னே விட்டார்கள்.

சில்லறைக் குண்டுகளுக்கு மூட்டை மசியவில்லை. பச்செக்கோ பெரிய பீரங்கியைத் திருப்பினார். அப்புறம் பஞ்சு பஞ்சாய்ப் பறந்தது. சங்கிலி அறுந்தது, நாலு படகு முழுகியது.

அடுத்த சரக்கு, கோஜா அலி என்பவரின் கைவண்ணம்: இரண்டிரண்டு படகுகளைச் சேர்த்து, மேலே பதினைந்தடிக் கோபுரம். இப்படி எட்டு. தெப்பத் திருவிழாபோல மிதந்து வந்தன. பச்செக்கோவோ பாய்மரங்களைக் கட்டி நங்கூரம் போட்டு, கிட்டே வரவிடாமல் வேலி போட்டிருந்தார். முதல் குண்டு பட்டும் கோபுரம் இம்மியும் அசையவில்லை. மனிதர் வானத்தைப் பார்த்துக் கடவுளைக் கூப்பிட்டாராம். கடவுளோ மருந்தோ, அடுத்தடுத்த அடியில் மரம் விட்டுக்கொடுத்தது.

ஜூலையில் சாமூதிரி ஊர் திரும்பினார். இத்தனையும் நமக்குத் தெரிவது போர்த்துக்கீசியர் எழுதிவைத்த தயவில்தான். அதில் விரிவாக எழுதிய கஸ்தன்யேடா இந்தியா வந்ததே 1528-ல். எதிரியில் ஆயிரமாயிரம் பேர் செத்தார்கள், எங்கள் பக்கம் பெரிதாக யாருமில்லை என்பது அவர்கள் கணக்கு. கேமரா கோழிக்கோட்டான் கையில் இருந்திருந்தால், முதல் குண்டுக்கு மூட்டை அசையாத இடத்திலேயே வீடியோவை நிறுத்தியிருப்பான்.